ஒரே சரக்கு, ரெண்டு எடைக்கல்

கொக்கெய்ன் பொடியைச் சோடா உப்போடு தண்ணியில காய்ச்சினால் கிராக். சரக்கு ஒண்ணுதான். ஆனால் அமெரிக்க மத்திய அரசு 1986இல் போட்ட சட்டம் ரெண்டு எடைக்கல் வைத்தது. பொடி 500 கிராம் விற்றால் குறைந்தது 5 ஆண்டு சிறை. கிராக் 5 கிராமுக்கே அதே 5 ஆண்டு.

கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லே கிடையாது. அந்த வேலையைக் கிராம் பார்த்துக்கொண்டது. 1995இல் தண்டனை ஆணையமே சமமாக்கச் சொன்னது. நாடாளுமன்றம் மறுத்தது. 2010இல்தான் 5 கிராம் 28 ஆனது. அப்பவும் 18க்கு 1. முன்பே தண்டிக்கப்பட்டவர்கள் அந்தச் சலுகை கேட்க 2018 வரை காத்துக் கிடந்தார்கள்.

டீக்கடையில் ரெட்டைக் கிளாஸ் பார்த்த நமக்கு இந்தக் கணக்குப் புரியாதா?