வரலாறு மடித்து வைக்காத துணி

மன்னன் தரித்த முடியை அருங்காட்சியகம் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கிறது. அம்மன்னனே ஒன்றரை வயதுக் குழந்தையாய்த் தத்தித் திரிந்த நாளில் அவன் அரையில் கட்டியிருந்த துணி காக்கப்படுவது அரிது. ஞானஸ்நானத்திற்கு ஒருநாள் உடுத்திய பட்டு அங்கி நூற்றாண்டுகளைக் கடந்து நிற்க, நாள்தோறும் பலமுறை மாற்றப்பட்ட அணையாடை அழிந்து போயிற்று.

இவ்வழிவு மேலைநாட்டு ‘வாழும் வரலாறு’ இயக்கத்தினருக்கு ஒரு நடைமுறைச் சிக்கலாகவே வந்து சேர்ந்தது. 1891இல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசேலியுஸ் திறந்துவைத்த ஸ்கான்சென் திறந்தவெளிக் காட்சியகம், பழைய வீடுகளோடு பழைய உடையணிந்த மாந்தரையும் காட்டியது. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கிலும், மாசசூசெட்சின் பிளிமத்திலும் இம்முறை வளர்ந்தது. கொல்லனும் தச்சனும் படைவீரனும் பழங்கால உடையில் உலவும் இடத்திற்கு, அவர்தம் கைக்குழந்தைகளும் வந்தன. பெரியவரின் பொத்தான் துளைவரை ஆராய்ந்து தைத்தவர்கள், குழந்தையின் அங்கிக்கு அடியில் என்ன கட்டுவது என்ற கேள்வியில் திகைத்தனர்.

‘அங்கி மறைத்துவிடும், உள்ளே எது இருந்தால் என்ன?’ என்பது ஒரு சாராரின் விடை. 1961இல் விற்பனைக்கு வந்த பாம்பர்ஸ் வகையை உள்ளே கட்டி, மேலே பதினெட்டாம் நூற்றாண்டு அங்கியை அணிவித்துவிடுவர். இதனை ஏமாற்று என்று பழிப்பது நேர்மையாகாது. குழந்தை நடிக்க இசைந்து வந்த நடிகன் அன்று. அதன் தோல் புண்ணாவதைவிட வரலாறு சற்றே பிழைபடுவது மேல். ஆயினும் மற்றொரு சாரார் தேடத் தொடங்கினர். அத்தேடலில் கிடைத்தவை பெரும்பாலும் சொற்களே.

இன்று அமெரிக்கர் அணையாடைக்கு வழங்கும் ‘டயப்பர்’ என்ற சொல், முதலில் குழந்தையையே குறிக்கவில்லை. சிறு சிறு சாய்சதுரங்கள் விழுமாறு நெய்த வெண்துணிக்கு அது பெயர். ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றில் கைதுடைக்கும் துண்டாகவே அது வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத் தாய் தன் குழந்தைக்குக் கட்டியதைக் ‘கிளவுட்’ என்றாள். வெறும் துணித்துண்டு என்பதே அதன் பொருள். பழைய லினன் சட்டையும் படுக்கை விரிப்பும் பலமுறை துவைபட்டு மென்மையான பின் அப்பணிக்கு வந்தன. அதன்மேல் ‘பில்ச்’ எனப்படும் கம்பளித் துணியைச் சுற்றினர். கம்பளி ஈரத்தை உள்வாங்கியும் வெளியே எளிதில் விடாது. ரப்பர் உறைகள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

கட்டும் முறையில்தான் இக்காலத் தாயர் பெரிதும் தயங்குவர். நாம் அறிந்த ஊக்கு, நியூயார்க்கில் வால்ட்டர் ஹண்ட் 1849இல் காப்புரிமை பெற்ற பொருள். எனவே 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைச் சித்திரிக்கும் முகாமில் அதற்கு இடமுண்டு. 1776ஆம் ஆண்டின் முகாமில் இல்லை. அங்கே குண்டூசியோ, நாடாவோதான். குண்டூசியின் கொடுமையை அக்காலத்தவரும் அறிந்திருந்தனர். 1769இல் வெளிவந்த ‘வீட்டு மருத்துவம்’ என்ற நூலில் வில்லியம் புக்கன் என்னும் மருத்துவர், குழந்தை உடையில் குண்டூசியே கூடாதென்றும், நாடா கொண்டு முடிய வேண்டுமென்றும் எச்சரித்தார். வலிப்பு வந்து இறந்த குழந்தையின் உடலில் ஊசி தைத்திருந்ததை அவர் குறிப்பிடும் இடம், படிப்பவர் நெஞ்சிலும் தைப்பது. ஆக, நாடா கட்டும் தாய் வரலாற்றுக்கும் குழந்தைக்கும் ஒருசேர உண்மையாகிறாள்.

நடைபயிலும் பருவத்தில் ஆண்குழந்தைக்கும் நீண்ட அங்கியே உடை. காற்சட்டை அணிவிக்கும் சடங்கு நான்கு முதல் ஏழு வயதுக்குள் நடந்தது. அங்கியைத் தூக்கினால் போதும் என்ற வசதியே இவ்வழக்கத்துக்கு ஒரு காரணம். இவ்வெளிய செய்தி வரலாற்று நூல்களில் நாணத்தோடு ஒதுக்கப்பட்டது. ஓவியர்க்கு அந்நாணம் இல்லை. டிரெஸ்டன் நகரிலுள்ள ஏட்ரியன் பிரௌவரின் ஓவியத்தில் தந்தை ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குழந்தையின் பின்புறத்தைத் துடைக்கிறார்.

துவைத்தலோ தனிப் பெரும்பாடு. தண்ணீர் இறைத்து, விறகு மூட்டி, மரச்சாம்பலை நீரில் வடித்தெடுத்த காரநீரில் துணிகளை ஊறவைத்து, வேலியிலும் புல்வெளியிலும் விரித்து வெளுக்க வேண்டும். வெள்ளாவி அறிந்தவர்க்கு இவ்வேலையின் நெடி புதிதன்று. நிகழ்ச்சியின் இரண்டு நாளில் கிளவுட்டை உண்மையாகத் துவைத்துப் பார்க்கும் பெண், எந்த நூலும் சொல்லாத ஒன்றைத் தன் முதுகெலும்பால் அறிகிறாள். குழந்தை பலவுள்ள வீட்டில் இப்பணி ஆண்டுக்கணக்கில் ஓய்ந்ததில்லை. போர்க்களத்தை மீள நடித்துக் காட்ட ஆயிரவர் திரளும்போது, இந்தத் துவைப்பு மட்டும் கூடாரத்தின் பின்புறமாக ஏன் ஒதுங்க வேண்டும்?

எழுத்துச் சான்று ஒன்று எதிர்பாராத இடத்தில் நிற்கிறது. தாமஸ் கோரம் முயற்சியால் 1739இல் பட்டயம் பெற்று, 1741இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கிய இலண்டன் கைவிடப்பட்டோர் இல்லத்தில், ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அச்சிட்ட படிவம் நிரப்பப்பட்டது. குல்லாய், மார்த்துணி, அங்கி என நீளும் உடைப்பட்டியலில் கிளவுட்டும் பில்ச்சும் தனித்தனியே இடம்பெற்றன. பின்னாளில் தாய் தேடிவந்தால் அடையாளம் காண, உடையிலிருந்து ஒரு துண்டையும் வெட்டிப் படிவத்தோடு குத்தி வைத்தனர். அவ்வாறு தங்கியவை சுமார் ஐயாயிரம். பூ அச்சிட்ட துணிகளும் நாடாக்களும் அவற்றில் மிகுதி. திரும்பி வந்த தாயர் மிகச் சிலர்.

கந்தலான லினன் துணியோ கந்தை வாங்குவோர் வழியாக ஆலைக்குச் சென்று, கூழாகித் தாளாயிற்று. மரக்கூழ் வருமுன் ஐரோப்பியரின் தாள் பெரும்பாலும் கந்தையே. கிளவுட் என்ற சொல் அச்சான அந்தப் படிவங்களும் அத்தகைய தாள்களே.