எண்ணெய்க் கிணறும் ஒரு சுரங்கமே: துரப்பணத் தளங்களின் பாதுகாப்பு ஆய்வு யாருக்காக?

சட்டத்தின் கண்ணுக்கு எண்ணெய்க் கிணறு ஒரு சுரங்கம். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் 'சுரங்கம்' என்னும் சொல்லுக்குத் தந்த விளக்கத்தில், நிலக்கரிக் குழிகளோடு எண்ணெய்க் கிணறுகளும் அடங்கும். இந்த ஒரு வரியின் விளைவு பெரிது. நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ ஒரு ரிக்கில் வேலை செய்பவர் விபத்துக்குள்ளானால், மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மனு அனுப்பிப் பயனில்லை. ஜார்க்கண்ட் மாநிலத்தின் தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகமே அத்தளத்தை ஆய்வு செய்யும் அதிகாரம் பெற்றது. தவறான கதவைத் தட்டினால் மாதங்கள் வீணாகும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கடலுக்குள் நிலைமை வேறு. 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு மேடையில் ஒரு துணைக் கப்பல் மோதித் தீப்பற்றியதில் 22 பேர் மாண்டனர். அதன்பின் 2008இல் வந்த விதிகள், கடல்சார் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பொறுப்பை எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகத்திடம் ஒப்படைத்தன. இந்த இயக்குநரகம் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் உள்ளது. துரப்பணம் செய்யும் பொதுத்துறை நிறுவனங்களும் அதே அமைச்சகத்தின் கீழ்தான் உள்ளன. கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆய்வாளர் தளத்துக்கு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்? துளைக்குள் செலுத்தப்படும் சேற்றுக் குழம்பின் எடைதான் நிலத்தடி வாயுவை அடக்கிவைக்கும் முதல் தடுப்பு. அது தோற்றால், கிணற்றின் வாயை இறுக மூடுவதற்காகப் பொருத்தப்பட்டிருக்கும் 'பி.ஓ.பி.' எனப்படும் வெடிப்புத் தடுப்புக் கருவி இரண்டாவது தடுப்பு. இவ்விரண்டின் சோதனைப் பதிவேடுகள், ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைக் கண்டறியும் கருவிகள், தீப்பொறி எழாத மின்சாதனங்கள், கோபுர உச்சியில் நிற்பவர் தப்பி இறங்கும் வழி, அவசரகால ஒத்திகை ஆகிய எல்லாமே 2017ஆம் ஆண்டின் எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகளின் கவலைக்குரியவை. கடும் ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் ஆய்வாளருக்கு உண்டு.

ஆனால் அசாமின் பாக்ஜான் வேறொன்றைக் கற்பிக்கிறது. தின்சுகியா மாவட்டத்தில், ஆயில் இந்தியா நிறுவனத்துக்குச் சொந்தமான 5ஆம் எண் கிணற்றில் 2020 மே 27 அன்று பழுதுநீக்கப் பணி நடந்துகொண்டிருந்தது. ரிக் ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனத்துடையது. அன்று வாயு பீறிட்டது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. நிறுவனத்தின் தீயணைப்பு வீரர்கள் இருவர் மாண்டனர். ஆயிரக்கணக்கான மக்கள் ஊரைவிட்டு முகாம்களுக்குப் போனார்கள். நவம்பர் நடுவில்தான் கிணறு முழுமையாக அடங்கியது. பசுமைத் தீர்ப்பாயம் முன்னாள் நீதிபதி பி.பி. கடாகி தலைமையில் அமைத்த குழு, சோதித்து உறுதிசெய்யப்பட்ட மாற்றுத் தடுப்பு இல்லாமலேயே பி.ஓ.பி. கழற்றப்பட்டதைக் குறையாகச் சுட்டியது.

அத்தகைய முடிவு ஒரே ஷிப்டில் எடுக்கப்படுவது. என்றோ ஒருநாள் வந்து பதிவேடு பார்க்கும் ஆய்வாளரால் அதைத் தடுக்க முடியாது. அந்த நேரத்தில் ரிக் மேடையில் நின்று 'இதைக் கழற்றக் கூடாது' என்று சொல்லக்கூடியவரே உண்மையான ஆய்வாளர். அப்படிச் சொல்லும் துணிவு யாருக்கு வாய்க்கும்? நாளைய கேட்-பாஸ் ஒப்பந்தக்காரரின் கையில் இருக்கும் தொழிலாளிக்கா?

சாதி இங்கேதான் நுழைகிறது. பொதுத்துறை நிறுவனங்களின் நிரந்தரப் பணியிடங்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. ஒப்பந்தக்காரர் எடுக்கும் ஆட்களுக்கு இல்லை. சுரங்க விதிகள், 500 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் சுரங்கத்தில் தொழிலாளர் தரப்பு ஆய்வாளர்களை நியமிக்கச் சொல்கின்றன. பதிவுபெற்ற சங்கத்தைக் கலந்தே நியமிக்க வேண்டும். சங்கம் நிரந்தரத் தொழிலாளருடையதாகவே இருந்தால், சேற்றுத் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்பவரின் குரல் அந்த ஆய்விலும் ஒலிக்காது. இறந்தவர்களைத் தலைமை இயக்குநரகத்தின் புள்ளிவிவரங்கள் விபத்தின் காரணத்தைக் கொண்டு வகைப்படுத்துகின்றனவே தவிர, சாதியைக் கொண்டு அல்ல. இறந்தவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று கேட்டால் சொல்ல ஏடு இல்லை.

எண்ணுவதால் என்ன ஆகும் என்பதைக் கழிவுநீர்க் குழி மரணங்களில் நாம் கண்டிருக்கிறோம். செயற்பாட்டாளர்கள் பெயர் பெயராகத் தொகுத்து வழக்காடிய பின்னரே, 2014இல் உச்சநீதிமன்றம் ஒவ்வொரு மரணத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023இல் அது 30 இலட்சமானது. எண்ணெய் வயலில் அந்தப் பட்டியலை இன்னும் யாரும் தொடங்கவில்லை என்றே எண்ணுகிறோம்.

தொடங்குவதற்குத் தடை ஒன்று உண்டு. ஆய்வில் கிடைத்த தகவல்களை இரகசியமாகவே கருத வேண்டும் என்றது சுரங்கச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. தொழிலாளரின் பாதுகாப்புக்குத் தேவை என்று ஆய்வாளரே கருதினால் வெளியிடலாம். தன் உயிர் பற்றிய அறிக்கையைப் படிக்கத் தொழிலாளிக்கே உரிமையில்லை என்பது விந்தைதான். அச்சட்டத்தின் இடத்தை 2025 நவம்பர் 21 முதல் பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு பிடித்திருக்கிறது. எண்ணெய்க் கிணறு அதிலும் சுரங்கமே. இரகசியப் பிரிவும் தொடர்கிறது. ஆய்வாளர் இப்போது 'ஆய்வாளரும் வசதியாளரும்' ஆகிவிட்டார். எந்தத் தளத்தைப் பார்ப்பது என்பதைக் கணினி வழியே குலுக்கிப் போட்டும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதன் 14ஆம் பிரிவு பயனுள்ளது: உயிருக்கு உடனடி ஆபத்து என அஞ்சக் காரணமிருந்தால், தொழிலாளி அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம்.

இரகசியப் பிரிவுக்கு மாற்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. பிற சட்டங்கள் முரண்பட்டாலும் இச்சட்டமே மேலோங்கும் என்கிறது அது. குறிப்பிட்ட தளத்தில் கடந்த 3 ஆண்டுகளில் ஆய்வு நடந்த தேதிகள், கண்டறியப்பட்ட விதிமீறல்கள், பிறப்பிக்கப்பட்ட தடையாணைகள், வந்து சேர்ந்த விபத்து அறிவிப்புகள், அவற்றில் ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர் ஆகியவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்கலாம். விசாரணை நடப்பதாகவோ வணிக இரகசியம் என்றோ மறுப்பு வரக்கூடும். வந்தால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். கட்டணம் 10 ரூபாய். விண்ணப்பிக்கும் பகுதியின் ஆட்சிமொழியில் எழுதலாம் என 6ஆம் பிரிவு அனுமதிப்பதால், தன்பாத்துக்குப் போகும் கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்.