பெரிபெரி நோயும் ஜப்பானியப் படையுணவும்: அயல்நாட்டில் படித்த இருவரின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பான் தன் மாணவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி நவீன மருத்துவத்தைக் கற்கச் செய்தது. அவர்களில் கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ (1849–1920) இங்கிலாந்திலும், தரைப்படை மருத்துவர் மோரி ரின்தாரோ (1862–1922) ஜெர்மனியிலும் படித்தனர். பெரிபெரி நோயைப் பற்றியும் படைவீரர்களின் உணவைப் பற்றியும் இருவரும் நேர் எதிரான முடிவுகளுக்கு வந்தனர். அந்த முடிவுகளே பல ஆயிரம் வீரர்களின் உயிரைத் தீர்மானித்தன. சத்துணவியல் ஒரு தனித்துறையாக உருவான வரலாற்றில் இந்நிகழ்வுக்கு முக்கிய இடம் உண்டு.

நோயும் வெள்ளை அரிசியும்

பெரிபெரி கால்களில் மரத்துப்போதலும் வீக்கமுமாகத் தொடங்கி, தசைகளைத் தளரச் செய்து, முற்றினால் இதயத்தைச் செயலிழக்க வைக்கும் நோய். ஜப்பானில் இதை 'காக்கே' என்றனர். தோக்குகாவா ஆட்சிக்காலத்தில் இதற்கு 'எடோ நோய்' என்ற பெயரும் இருந்தது. கிராமங்களிலிருந்து எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, வந்தவர்கள் சில மாதங்களில் நோயுற்றனர். ஊர் திரும்பியதும் குணமடைந்தனர். கிராமத்தார் பார்லியும் தினையும் கலந்த சோறு உண்டனர். நகரத்தில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி கிடைத்தது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு அன்று எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

மெய்ஜி ஆட்சியில் உருவான புதிய படைகளில் வெள்ளை அரிசி ஒரு கவர்ச்சியாகவே இருந்தது. தரைப்படை வீரனுக்கு நாளொன்றுக்கு 6 'கோ', அதாவது ஏறத்தாழ 900 கிராம் வெள்ளை அரிசி வழங்கப்பட்டது. ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது திருவிழாச் சாப்பாடு. கடற்படையில் உணவுக்கான பணம் வீரர்கள் கையில் கொடுக்கப்பட்டது. அவர்கள் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு, கறி, காய் முதலியவற்றுக்கான பணத்தை மிச்சம் பிடித்தனர்.

இலண்டனில் கற்ற தகாகி

சத்சுமா பகுதியைச் சேர்ந்த தகாகி, பிரித்தானிய மருத்துவர் வில்லியம் வில்லிஸிடம் முதலில் பயின்றார். 1875 முதல் 1880 வரை இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் படித்தார். அங்கே ஆய்வகத்தை விட நோயாளியின் படுக்கையருகே கற்பதற்கும், நோய் எங்கே யாருக்கு வருகிறது என்று கணக்கெடுப்பதற்கும் முதன்மை தரப்பட்டது. ஐரோப்பாவில் பெரிபெரி காணப்படவில்லை என்பதும் அவர் கவனத்தில் பட்டது.

நாடு திரும்பிய தகாகி கப்பல்கள்தோறும் கணக்கெடுத்தார். ஒரே கப்பலில், ஒரே காற்றைச் சுவாசித்து, ஒரே தண்ணீரைக் குடித்தாலும் மாலுமிகளே அதிகம் நோயுற்றனர். பலவகை உணவு உண்ட அதிகாரிகள் பெரும்பாலும் தப்பினர். ஆகவே வேறுபாடு உணவில்தான் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். மாலுமிகளின் உணவில் மாவுச்சத்து மிகுந்து புரதம் குறைந்திருப்பதே காரணம் என்பது அவர் கொள்கை.

இரு கப்பல்களின் பயணம்

1882–83ஆம் ஆண்டுகளில் 'ரியூஜோ' என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் வழியாக நீண்ட பயணம் சென்றது. அதிலிருந்த 376 பேரில் 169 பேர் பெரிபெரிக்கு ஆளாயினர். 25 பேர் இறந்தனர். இதைக் கண்ட தகாகி, அதே வழியில் 1884ஆம் ஆண்டு 'ட்சுகுபா' கப்பலை மாற்றிய உணவுடன் அனுப்ப வேண்டும் என்று அரசை வற்புறுத்தி இசைவு பெற்றார். இறைச்சி, மீன், ரொட்டி, அவரை வகைகள், காய்கறிகள் ஆகியவை சேர்க்கப்பட்டன. உணவுக்குப் பணம் தரும் வழக்கம் நிறுத்தப்பட்டு, பொருளாகவே வழங்கப்பட்டது. அந்தப் பயணத்தில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. நோய் கண்டவர்கள் 14 பேர் மட்டுமே. அவர்களிலும் பலர் புதிய உணவை ஒதுக்கியவர்கள்.

அறிவியல் முடிந்த இடத்தில் உணவுப் பழக்கம் குறுக்கே நின்றது. ரொட்டியும் இறைச்சியும் மாலுமிகளுக்குப் பிடிக்கவில்லை, செலவும் அதிகம். எனவே 1885இல் அரிசியோடு பார்லி கலந்த சோறு கடற்படையில் நடைமுறைக்கு வந்தது. அது மக்கள் அறிந்த பண்டம், விலையும் குறைவு. சில ஆண்டுகளில் கடற்படையில் பெரிபெரி ஏறத்தாழ மறைந்தது. கோதுமை மாவும் இறைச்சியும் சேர்ந்த கறிச் சோறும் கடற்படைச் சமையலில் இடம்பெற்றது. 1908ஆம் ஆண்டின் கடற்படைச் சமையல் நூலில் அதன் செய்முறை உள்ளது.

ஜெர்மனியில் கற்ற மோரி

மோரி ரின்தாரோ பின்னர் 'மோரி ஓகாய்' என்ற பெயரில் ஜப்பானின் பெரும் எழுத்தாளராகப் புகழ்பெற்றவர். தரைப்படை அவரை 1884இல் ஜெர்மனிக்கு அனுப்பியது. சுகாதாரவியலும் படையுணவும் அவர் ஆராய வேண்டிய துறைகள். லைப்சிக்கில் ஹோஃப்மன், மியூனிக்கில் பெட்டன்கோஃபர், பெர்லினில் ராபர்ட் கோக் ஆகியோரிடம் பயின்று 1888இல் திரும்பினார். அன்றைய ஜெர்மானிய மருத்துவம் உலகின் உச்சியில் இருந்தது. நோய்க்குக் கிருமியைத் தேடுவதும், உணவைப் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, வெப்ப அளவு என்று அளந்து பார்ப்பதும் அதன் முறைகள்.

அரிசியை முதன்மையாகக் கொண்ட ஜப்பானிய உணவு ஐரோப்பிய உணவுக்குத் தாழ்ந்ததன்று என்று மோரி ஜெர்மனியிலிருந்தபோதே எழுதினார். நாடு திரும்பியபின், 1889இல் வெள்ளை அரிசி, பார்லி கலந்த அரிசி, மேலைநாட்டு உணவு ஆகிய மூன்றையும் வீரர்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். சில நாள்களே நடந்த அந்தச் சோதனையில் வெள்ளை அரிசியே சிறந்தது என்ற முடிவு கிடைத்தது. அளவைகள் சரியாகவே எடுக்கப்பட்டன. ஆனால் உயிர்ச்சத்து என்ற ஒன்று இருப்பதே அன்று தெரியாததால், அதை அளக்க வழியில்லை. தகாகியின் புரதக் கொள்கையும் தவறே என்பதால் தோக்கியோ பல்கலைக்கழகத்தாரும் தரைப்படை மருத்துவர்களும் அதை எளிதில் மறுத்தனர். கொள்கை தவறு என்பதற்காக, கண்ணெதிரே கிடைத்த பலனையும் சேர்த்து ஒதுக்கினர்.

போரில் கண்ட விலை

தரைப்படையின் ஒசாகா பிரிவு, சிறைச்சாலைகளில் பார்லிச் சோறு உண்டவர்களுக்கு நோய் வராததைக் கண்டு 1884 இறுதியிலேயே அதைப் பின்பற்றியது. பிற பிரிவுகளும் படிப்படியாக மாறின. ஆனால் போர்க்காலத்தில் தலைமையகம் மீண்டும் வெள்ளை அரிசியையே அனுப்பியது. 1894–95 சீன–ஜப்பானியப் போரில் பெரிபெரியால் ஏறத்தாழ 4,000 வீரர்கள் இறந்தனர். 1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரில் சுமார் 2,50,000 பேர் நோயுற்றனர். சுமார் 27,000 பேர் மாண்டனர். அதே போரில் கடற்படையில் இந்நோய் அரிதாகவே இருந்தது. 1905ஆம் ஆண்டு மார்ச்சில்தான் தரைப்படை போர்முனைக்குப் பார்லி கலந்த உணவை ஏற்றது. அவ்வாண்டு தகாகிக்குப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டது. மக்கள் அவரைப் 'பார்லிப் பிரபு' என்று அழைத்தனர்.

புழுங்கல் அரிசி தந்த சான்று

இதே காலத்தில் மலாயாவிலிருந்தும் ஒரு சான்று வந்தது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் தீட்டிய பச்சரிசி உண்டு பெரிபெரியால் மடிந்தனர். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடம் அந்நோய் மிக அரிது. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. பிரித்தானிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டை 1907இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். பழைய பச்சரிசியில் நஞ்சு உண்டாகிறது என்று அவர் எண்ணியது தவறு. உண்மையில், நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை.

ஜாவாவில் ஐக்மான் கோழிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு, 1910இல் ஜப்பானியர் சுசுகி உமெதாரோ தவிட்டிலிருந்து பிரித்த பொருள், 1912இல் ஃபங்க் சூட்டிய 'வைட்டமின்' என்ற பெயர் ஆகியவற்றால் உண்மை படிப்படியாக வெளிப்பட்டது. தையமின் எனப்படும் வைட்டமின் பி1 ஜாவாவில் 1926இல் படிகமாகப் பிரிக்கப்பட்டது. அதன் வேதியமைப்பை அறிந்து 1936இல் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பிறந்தவர்.

சத்துணவுக் கல்வியின் தொடக்கம்

ஜப்பானில் சத்துணவியலை மருத்துவத்திலிருந்து தனித்துறையாகப் பிரித்தவர் சைக்கி தடாசு. அவரும் அயல்நாட்டில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1914இல் சொந்த ஆய்வுக்கூடம் அமைத்தார். 1920இல் உருவான அரசுச் சத்துணவு ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். 1924இல் உணவு வல்லுநர்களைப் பயிற்றும் பள்ளியைத் தொடங்கினார். சத்தை அளப்பதோடு, அதை மக்கள் உண்ணக்கூடிய சமையலாக மாற்றுவதும் அங்கு பாடமாயிற்று. தகாகி மாலுமிகளின் தட்டில் ரொட்டிக்குப் பதில் பார்லிச் சோறு வைத்தபோது செய்ததும் அதுவே.