எல்லை, நாள், அலகு: புவியியல் கட்டுரை ஆய்விதழுக்குச் செல்லும் முன்

ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதுவது எப்படி என்று பல்கலைக்கழகங்களில் நடக்கும் பயிற்சிப் பட்டறைகளில் பெரும்பகுதி நேரம் மேற்கோள் முறை, கருத்துத்திருட்டு மென்பொருள் காட்டும் விழுக்காடு, ஆய்வுச்சுருக்கத்தின் சொல்லளவு, இதழின் தாக்கக் காரணி ஆகியவற்றிலேயே கழிகிறது. இவையும் தேவைதான். ஆனால் வேதியியல் மாணவருக்கும் வணிகவியல் மாணவருக்கும் இதே அறிவுரையை ஒரு சொல் மாற்றாமல் சொல்லிவிடலாம். புவியியல் மாணவருக்கென்று தனியே சொல்ல வேண்டியது அங்கே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

எல்லையை மாற்றினாலும், செயற்கைக்கோள் படத்தின் நாளை மாற்றினாலும், கணக்கெடுத்த அலகை மாற்றினாலும் தம் முடிவு நிற்கிறதா என்று கட்டுரையாளர் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையின் விளைவைக் கட்டுரைக்குள்ளேயே எழுதிக் காட்ட வேண்டும். அதுவரை ஒரு புவியியல் கட்டுரை அனுப்பத் தயாராகிவிட்டதாகக் கொள்ள முடியாது என்பதே இங்கு நான் வைக்கும் வாதம். நடையைச் செப்பனிடுவதும் மேற்கோள்களைச் சரிபார்ப்பதும் அதற்குப் பின்னரே வர வேண்டியவை.

அலகிலிருந்து தொடங்கலாம். 1930ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வில்லியம் ராபின்சன் 1950இல் வெளியிட்ட ஆய்வு, சமூக அறிவியல் மாணவர் யாவரும் அறிய வேண்டிய ஒன்று. வெளிநாட்டில் பிறந்தோருக்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள ஒட்டுறவை 48 மாநிலங்களை அலகாகக் கொண்டு கணக்கிட்டபோது -0.53 என வந்தது. அதாவது, குடியேறியவர் மிகுந்த மாநிலத்தில் எழுத்தறிவின்மை குறைவு. அதே ஒட்டுறவைத் தனிமனிதரை அலகாகக் கொண்டு கணக்கிட்டபோது +0.12. குறியே தலைகீழாகிவிட்டது. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் குடியேறியவர்கள் அதிகமாகச் சென்று தங்கியதுதான் காரணம். இதற்கு முன்பே, 1934இல், கெல்கியும் பீலும் கிளீவ்லாந்து நகரத்தின் கணக்கெடுப்புப் பகுதிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கப் பெரிதாக்க ஒட்டுறவு வலுப்பதைக் காட்டியிருந்தார்கள். 1979இல் ஓப்பன்ஷாவும் டெய்லரும் ஐயோவா மாநிலத்தின் 99 கவுண்டிகளை விதவிதமாகத் தொகுத்துப் பார்த்தார்கள். முதியோர் விழுக்காட்டுக்கும் குடியரசுக் கட்சி வாக்குக்கும் இடையே வலுவான எதிர் ஒட்டுறவையும் பெற முடிந்தது, முழுமையை நெருங்கும் நேர் ஒட்டுறவையும் பெற முடிந்தது. தரவு ஒன்றுதான், கோடு போட்ட இடம்தான் வேறு.

இதைப் பாடநூலில் படித்துவிட்டு, சொந்தக் கட்டுரையில் மாவட்டவாரி ஒட்டுறவு ஒன்றைப் போட்டு, அதிலிருந்து குடும்பங்களின் நடத்தையைப் பற்றி முடிவு சொல்வதுதான் நாம் அடிக்கடி காணும் குறை. தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்போது மாநிலத்தில் 32 மாவட்டங்கள். 2019, 2020ஆம் ஆண்டுப் பிரிப்புகளுக்குப் பின் 38. பழைய மாவட்டத் தரவைப் புதிய மாவட்ட எல்லையில் ஏற்றி நிறம் தீட்டிய வரைபடங்கள் இன்றும் வருகின்றன. செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, இரண்டும் ஒரே நிறத்தில் இருப்பதையே ஒரு கண்டுபிடிப்பாக விளக்கும் அளவுக்கு இது போய்விடக்கூடும். தாலுகா அளவில் மீண்டும் தொகுத்தால் இப்பிழையில் பெரும்பகுதி தீரும். உழைப்பு மிகுந்த வேலைதான், ஆனால் செய்ய முடியாததன்று.

சென்னையின் எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. 2011 பிப்ரவரிக் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை 46.46 லட்சம். அது சுமார் 175 சதுர கிலோமீட்டர் பரப்புக்கான எண். அதே ஆண்டின் பிற்பகுதியில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. மாவட்டம் இந்த எல்லைக்கு வந்தது 2018இல்தான். பழைய எண்ணைப் பழைய பரப்பால் வகுத்தால் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,500க்கு மேல். அதே எண்ணைப் புதிய பரப்பால் வகுத்தால் 11,000க்கும் கீழ். எந்த எல்லை, எந்த ஆண்டின் எல்லை என்று எழுதாத கட்டுரையில் சென்னையின் நெரிசல் பாதிக்கு மேல் கரைந்துபோகும். மதிப்பீட்டாளர் வேறு ஊர்க்காரராக இருந்தால் இதைக் கவனிக்காமலும் விடலாம். அப்போது பிழை அச்சேறி, அடுத்த பத்துக் கட்டுரைகளுக்கு மேற்கோளாகவும் ஆகிவிடும்.

அடுத்தது நாள். தொலையுணர்தல் வழியே நிலப்பயன்பாட்டு மாற்றத்தைக் காட்டும் கட்டுரைதான் நம் துறைகளில் மிகுதியாக எழுதப்படுகிறது. அமெரிக்க அரசு லேண்ட்சாட் படங்களை 2008இல் இலவசமாக்கிய பிறகு எந்த ஊர் மாணவரும் பல பத்தாண்டுப் படங்களைத் தம் மேசையிலேயே ஒப்பிடலாம். இது பெரிய வரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேகமில்லாத படம் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஆபத்தானது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. வடமாவட்ட ஏரிகள் தை மாதத்தில் நிறைந்து நிற்கும். சித்திரை, வைகாசியில் அவற்றுள் பல வெறும் தரை. முதற்படம் ஜனவரியிலும் இரண்டாம் படம் மே மாதத்திலும் எடுக்கப்பட்டிருந்தால், இருபதாண்டில் நீர்நிலைகள் அழிந்தன என்ற முடிவு தானாகவே வந்துவிடும். அந்த அழிவில் எவ்வளவு ஆக்கிரமிப்பு, எவ்வளவு கோடைக்காலம் என்று பிரித்துச் சொல்ல அக்கட்டுரையால் முடியாது.

ஒரே மாதத்துப் படங்களை எடுத்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. 2015 வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட மிகுதி. அந்த டிசம்பரில் சென்னை மூழ்கியது. அடுத்த ஆண்டே, 2016இல், அதே பருவமழை இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோனது. 2016 ஜனவரிப் படத்தையும் 2017 ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், ஒரே ஆண்டில் ஏரிகள் காணாமல் போனதுபோல் தெரியும். ஆகவே படத்தின் நாளோடு அந்நாளுக்கு முந்தைய பருவத்தின் மழையளவையும் அட்டவணையில் தர வேண்டும். முடிந்தால் ஒவ்வொரு காலப்புள்ளிக்கும் ஒரு படத்துக்குப் பதிலாக மூன்று நான்கு ஆண்டுப் படங்களைத் தொகுத்து, ஏரி எத்தனை ஆண்டுகளில் நீரோடு இருந்தது என்று காட்டலாம். அப்போதுதான் மழை பொய்த்ததால் வற்றிய ஏரியையும் வீட்டுமனையான ஏரியையும் பிரித்தறிய முடியும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று சீமைக்கருவேலம். வறண்ட ஏரிப்படுகையில் அடர்ந்து நிற்கும் இந்த முட்புதர் படத்தில் நல்ல பசுமையாகவே தெரியும். தாவரக் குறியீட்டை மட்டும் நம்பும் கட்டுரை, நீர்ப்பிடிப்பு தூர்ந்து புதர் மண்டியதைப் பசுமைப்பரப்பு கூடியதாகப் பதிவு செய்யும். களத்துக்குச் சென்றவர் ஒரு பார்வையில் சொல்லிவிடக்கூடியது இது. மதகுக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவரைக் கேட்டால், கடைசியாக எந்த ஆண்டு கலங்கு வழிந்தது, வரத்துக்கால் எப்போது அடைபட்டது என்றும் தெரியவரும். அந்தச் சாட்சியத்தை நன்றியுரையில் ஒரு வரியாக வைக்காமல், சொன்னவரின் இசைவோடு முறையியலிலேயே வைக்க வேண்டும். லேண்ட்சாட்டின் ஒரு படப்புள்ளி 30 மீட்டர்க்கு 30 மீட்டர். ஒரு ஹெக்டேர் குளம் என்றால் பதினொரு புள்ளிகள்தான். அவற்றிலும் பெரும்பாலானவை கரையும் நீரும் கலந்தவை. ஊருணிகளையும் குட்டைகளையும் பற்றி இந்தப் படத்திலிருந்து உறுதியாகப் பேச முடியாது என்பதைக் கட்டுரையாளரே சொல்லிவிடுவது நேர்மை. வகைப்பாட்டுத் துல்லியத்துக்குக் கப்பா குறியீட்டை மட்டும் காட்டி நகர்ந்துவிடும் பழக்கத்தையும் கைவிடலாம். அதைக் கைவிடச் சொல்லிப் பான்டியஸும் மில்லோன்ஸும் விரிவாக வாதிட்டது 2011இல்.

கோட்டுச்சட்டம் பற்றி மதிப்பீட்டாளர்கள் அதிகம் கேட்பதுண்டு. அதில் எது பெரிய பிழை, எது சிறிய பிழை என்று கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யு.டி.எம். முறையில் 78 பாகைத் தீர்க்கக்கோடு தமிழ்நாட்டை இரண்டு மண்டலங்களாகப் பிரிக்கிறது. திண்டுக்கல் 43ஆம் மண்டலம், மதுரை 44ஆம் மண்டலம். காவிரி வடிநிலம் முழுவதையும் 44இல் வைத்துக் கணக்கிட்டால் நீலகிரிப் பக்கத்தில் பரப்பளவு ஏறத்தாழ அரை விழுக்காடு மிகும். ஆனால் இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் சட்டத்திலேயே பரப்பைக் கணக்கிட்டால், உதகையில் 4 விழுக்காடும் சென்னையில் 5 விழுக்காடும் மிகும். சிறிய பகுதிக்குள் விழுக்காட்டு மாற்றத்தை மட்டும் பேசினால் இது பெரிதும் தள்ளுபடியாகிவிடும். ஹெக்டேரில் பேசினால் தள்ளுபடியாகாது.

இவற்றைவிட மோசமான பிழை டேட்டத்தில் ஒளிந்திருக்கிறது. லாம்ப்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண நில அளவையின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1830இன் எவரெஸ்ட் நீள்கோளம். இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட்டுகள் அதை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள் படங்களோ டபிள்யூ.ஜி.எஸ். 84. உரிய மாற்றம் செய்யாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் விலகல் வரக்கூடும். பழைய ஷீட்டில் வரைந்த ஏரி எல்லை இப்படி நகர்ந்தால், ஒரு பக்கத்துக் கரையோரம் முழுவதும் ஆக்கிரமிப்பாகத் தெரியும். அந்த வரைபடம் நீதிமன்றத்துக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏரிக்கரை வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். நம் பிழைக்கு விலை கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

எல்லாச் சோதனைகளையும் எழுத இதழ் தரும் சொல்லளவில் இடம் ஏது என்ற மறுப்பு நியாயமானது. இடம் இருக்கிறது என்பதே என் பதில். ‘ஆய்வுப் பகுதி’ என்ற தலைப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை, சராசரி வெப்பநிலை, மண்வகை, கோயில்கள், போக்குவரத்து என்று எழுதும் இரண்டு பக்கங்களைப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலான செய்திகள் பின்னால் ஓரிடத்திலும் பயன்படுவதில்லை. வாதத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினால், எல்லை, நாள், அலகு பற்றிய சோதனைக்கு ஒரு பத்தியும் ஓர் அட்டவணையும் தாராளமாகக் கிடைக்கும்.

வரைபடங்களின் எண்ணிக்கையையும் குறைக்கலாம். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்கும் வண்ணத்தேர்வைத் தவிர்த்தால் நிறப்பார்வைக் குறையுள்ள வாசகருக்கும் படம் புரியும். இந்தியா முழுவதையும் காட்டும் சிறுபடத்தை வைப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் எல்லைக்கு மாறான வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டத்தின்கீழ் குற்றம். வெளிநாட்டு இதழ்களுக்கோ எல்லை பற்றி வேறு கொள்கை இருக்கும். மாநிலத்தையும் கடலையும் ஆள்கூறுகளையும் மட்டும் காட்டினால் இரு பக்கத்துச் சிக்கலும் எழாது.

எந்த இதழுக்கு அனுப்புவது என்பதையும் இந்தச் சோதனையே ஓரளவு தீர்மானித்துவிடும். யு.ஜி.சி. தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் 2022 விதிமுறைகளிலேயே நீங்கிவிட்டது. ஆகவே பணம் வாங்கிக்கொண்டு சில நாட்களில் அச்சிடும் இதழைத் தேடிப் போக மாணவருக்கு இப்போது காரணம் குறைவு. 1926இல் மதராஸ் புவியியல் கழகம் தொடங்கிய காலந்தொட்டு இம்மண்ணில் புவியியல் இதழ் மரபு இருந்துவருகிறது. ஒரு வட்டாரத்தின் ஏரிகளைப் பற்றிய கவனமான கட்டுரைக்கு அந்த மரபில் இடமுண்டு. அலகு மாற்றத்தால் முடிவு மாறுவதைக் காட்டும் கட்டுரை என்றால் அது முறையியல் சார்ந்த பன்னாட்டு இதழுக்கே உரியது. முடிவு நிற்கவில்லை என்று தெரியவந்தால்கூட அதை எழுதலாம். நன்றாக எழுதப்பட்ட அத்தகைய கட்டுரை, தவறான உறுதியோடு வரும் பத்துக் கட்டுரைகளைவிடத் துறைக்குப் பயன்படும்.

வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் கட்டுரையைக் கொண்டுவந்து நீட்டும்போது மேற்கோள் பட்டியலுக்கு முன் படங்களின் நாட்களைக் கேளுங்கள். வேறொரு நாளின் படத்தையும் வேறோர் அலகையும் கொண்டு ஒருமுறை கணக்கிட்டுக் காட்டும்வரை ஒப்புதல் தராதீர்கள். நம் இதழ்களின் பதிப்பாசிரியர்கள், தரவின் எல்லை எந்த ஆண்டுக்குரியது, படங்கள் எந்த நாளுக்குரியவை, முந்தைய பருவமழை எவ்வளவு, அலகை மாற்றியபோது முடிவு என்ன ஆயிற்று என்ற நான்கு கேள்விகளைக் கட்டுரை அனுப்பும் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள்.