பல இயங்குதளங்களில் மேசைத்தள அறிவிப்பு

மேசைத்தள அறிவிப்பு என்பது, கணினியில் இயங்கும் மென்பொருள் ஒன்று பயனருக்குக் கூற வேண்டிய செய்தியைத் திரையின் ஓரத்தில் சிறு பெட்டியாகக் காட்டும் முறை ஆகும். மின்னஞ்சல் வரவு, பதிவிறக்க நிறைவு, மின்கலக் குறைவு முதலியன இவ்வாறு தெரிவிக்கப்படுகின்றன. பொதுவாக, செய்தியைத் தருவது மென்பொருள். பெட்டியைக் காட்டுவது இயங்குதளம். ஆகவே ஒரே நிரல் பல இயங்குதளங்களில் அறிவிப்பு அனுப்ப, ஒவ்வொன்றின் வழிமுறையையும் பின்பற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்தேவை

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோசு, பாஸ் லினக்சு ஆகிய இரண்டும் நிறுவப்பட்டிருந்தன. பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. இத்தகைய கணினியில் மாணவர் எழுதும் நிரல் இரண்டிலும் இயங்க வேண்டுமாயின், அறிவிப்புப் பகுதிக்குத் தனிக் கவனம் தேவை.

இயங்குதளங்களின் வழிமுறைகள்

* விண்டோசு: முதலில் பணிப்பட்டையருகே குமிழ் வடிவ அறிவிப்புகள் தோன்றின. விண்டோசு 8 (2012) முதல் 'டோஸ்ட்' எனும் முறை வந்தது.
* மாக்: 2004இல் வெளிவந்த குரௌல் என்னும் மென்பொருள் இப்பணியைச் செய்தது. 2012இல் இயங்குதளத்திலேயே அறிவிப்பு மையம் சேர்க்கப்பட்டது.
* லினக்சு: நிரல், தலைப்பு, உரை, அவசரநிலை, காட்சி நேரம் ஆகியவற்றை டி-பஸ் வழியாக அனுப்புகிறது. விடையாக ஓர் எண் கிடைக்கும். அவ்வெண்ணைக் கொண்டு பழைய அறிவிப்பைப் புதியதால் மாற்றலாம்.

பைத்தான் மொழிக்கான பிளையர் போன்ற நிரலகங்கள் இவ்வேறுபாடுகளை மறைத்து, ஒரே கட்டளையில் அறிவிப்பு அனுப்ப உதவுகின்றன.

தமிழ் உரை

டி-பஸ் ஏற்கும் உரை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருத்தல் கட்டாயம். திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் உள்ள உரையை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். நீளத்திலும் கவனம் வேண்டும். 'மீமிசல்' என்னும் ஊர்ப்பெயர் கண்ணுக்கு 4 எழுத்துகள். ஒருங்குறியில் 7 குறிகள். யூடிஎஃப்-8இல் 21 பைட்டுகள். விண்டோசின் குமிழ் அறிவிப்பில் தலைப்புக்கு 63, உரைக்கு 255 குறிகளே இடமுண்டு. நிரல் கண்மூடித்தனமாக வெட்டினால் இறுதிப் புள்ளியோ உயிர்க்குறியோ விடுபட்டு, சொல் பிழையாகும்.

வரம்புகள்

கட்டளை வெற்றி பெற்றது என்பதன் பொருள், செய்தி இயங்குதளத்திடம் ஒப்படைக்கப்பட்டது என்பது மட்டுமே. பயனர் படித்தார் என்பதன்று. 'தொந்தரவு செய்யாதே' நிலையில் பெட்டி தோன்றாமலே போகலாம். லினக்சு நெறிமுறையில் 'மிக அவசரம்' எனக் குறிக்கப்பட்ட அறிவிப்பு தானாக மறையக்கூடாது; எனினும் கணினி அணைந்திருந்தால் அதுவும் பயன்படாது. 2018 நவம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தையும் தாக்கிய கஜா புயல் போன்ற வேளைகளில் மின்சாரமே இருப்பதில்லை. எனவே உயிர்காக்கும் எச்சரிக்கைக்கு மேசைத்தள அறிவிப்பு துணைவழியே; வானொலி, கைபேசி போன்ற வழிகளும் உடன் அமைதல் வேண்டும்.