கஞ்சமலைக் கல்லும் கொஞ்சம் கலப்படமும்

ஏற்காடு என்றாலே காப்பித் தோட்டமும் ஏரியும்தான் ஞாபகத்துக்கு வரும். சேர்வராயன் மலையை விட்டு இறங்கி, சேலத்தையும் தாண்டினால் கஞ்சமலை. அங்கே இருப்பது காந்தக்கல், அதாவது மேக்னடைட். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்து, சேலத்துத் தாதுவை உருக்கி இரும்பாக்கினார். அவருக்குக் கலப்படம் என்றால் நீக்க வேண்டிய தொல்லை, அவ்வளவுதான்.

நூறு வருஷம் கழித்து, 1939-ல், ஹாலந்து விஞ்ஞானி வெர்வே மேக்னடைட்டைக் குளிரவைத்துப் பார்த்தார். சுமார் மைனஸ் 150 டிகிரியில் அதன் மின்தடை திடீரென்று நூறு மடங்கு எகிறியது! அதுவரை இரும்பு அணுக்களுக்கிடையே தாவிக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள், தண்ணீர் பனிக்கட்டியாவது போல ஒழுங்காக உறைந்துவிடுகின்றன என்றார் அவர்.

ஆனால் இந்தத் திடீர் மாற்றம் சுத்தமான படிகத்தில்தான். ஆக்சிஜன் அளவு லேசாகப் பிசகினாலோ, வேறு உலோக அணுக்கள் நுழைந்தாலோ, இன்னும் குளிர்ந்தால்தான் மாற்றம் வரும், வேகமும் மழுங்கும். கலப்படம் அதிகமானால் மாற்றமே இல்லை. சூடாக்கினாலும் இதே கதைதான்: சுமார் 580 டிகிரியில் காந்த குணத்தை இழக்கும் கல், டைட்டானியம் கலந்திருந்தால் அதற்கு முன்பே இழந்துவிடும்.

தாது வாங்குபவர் இரும்பு எத்தனை சதவீதம் என்று கேட்பார். காந்தம் எப்போது மாறும் என்று கேட்பவரோ மிச்சத்தையும் எண்ண வேண்டும்.