அன்ரனா பார்த்த திசை



இன்றைய எமது பிள்ளைகளுக்கு அன்ரனாக் கம்பம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் எண்பதுகளில் சோனகதெருவில் ஒரு வீட்டுக்கு ரீவி வந்தால், பெட்டியைவிட அன்ரனாவைப் பற்றித்தான் பேச்சு அதிகம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.

1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியது. அதன் பிரதான கோபுரம் நிற்கும் பிதுருதலாகல மலை எமக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர். எண்பதுகளின் பிற்பகுதியில் தூர்தர்ஷனின் கொடைக்கானல் கோபுரம் வந்தது. அது மேற்கே ஏறத்தாழ 280 கிலோமீற்றர். தமிழ் நிகழ்ச்சிகளுக்காக எங்கள் ஆட்கள் மேற்கைப் பார்த்தார்கள்.

இவ்வளவு தூரம் படம் எப்படி வந்தது? ரீவி அலை பெரும்பாலும் நேராகவே போகும். பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். ஆனால் வெக்கையான, காற்று அடங்கிய நாட்களில் கடலுக்கு மேலுள்ள காற்றுப் படைகள் அலையை வளைத்து எங்கள் கரைக்குக் கொண்டுவரும். அதனால்தான் ஓர் இரவு படம் கண்ணாடி மாதிரி இருக்கும், மறுநாள் வெறும் புள்ளிகள்தான்.

ஆகவே விலை கூடிய அன்ரனா நல்ல அன்ரனா ஆகிவிடாது. மூன்று விடயம் பொருந்த வேண்டும். ஒன்று திசை: கோபுரத்தை நேரே பார்க்க வேண்டும். இரண்டு உயரம்: கூரைக்கும் தென்னைக்கும் மேலே போக வேண்டும். மூன்று குழாயின் நீளம்: 200 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் போதும், 60 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு இரண்டேகால் மீற்றருக்கு மேல் வேண்டும். குறுக்குக் குழாய்கள் கூடக் கூட, தூரத்து அலையை நன்றாகப் பிடிக்கும். ஒருவர் கூரையில் நின்று திருப்ப, கீழே இருந்து "இன்னும் கொஞ்சம்! போதும், போதும்!" என்று கத்துவது அந்தக் காலத்துக் காட்சி.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டில் மின்சாரமும் நின்றது. ஒக்டோபர் 30இல் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். ரீவியைத் தூக்க முடியவில்லை. கம்பத்தைப் பற்றி யார் நினைத்தார்கள்? புத்தளத்து ஓலைக் குடிசைகளில் எம்மில் பலர் வளர்ந்தோம்.

திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குக் கூரையே இல்லை. சிலரிடம் உறுதிப் பத்திரமும் இல்லை. "இந்த மூலையிலதான் எங்கட அன்ரனா நின்டது" என்று ஒரு மூத்தம்மா காட்டிய இடத்தில், சீமெந்துக்குள் துருப்பிடித்த குழாயின் அடி மட்டும் மிஞ்சியிருந்தது. அவருக்கு அதுதான் உறுதி.

அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே போகிறது. உங்கள் வீட்டு அன்ரனா எந்த மூலையில் நின்றது, எந்தப் பக்கம் பார்த்தது? வாப்பா, உம்மாவிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். வீடு இருந்த இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.